மைசீனஸ்: ஒரு பெயர் பொதுச்சொல்லான கதை

ஆங்கிலத்தில் சில பெயர்ச்சொற்கள் தங்கள் பெரிய எழுத்தை விட்டுக்கொடுக்காமலேயே பொதுச்சொற்களாகிவிடுகின்றன. ஒருவரை 'ஒரு மைசீனஸ்' என்று ஆங்கிலக் கட்டுரையாளர் குறிப்பிட்டால், அவர் இலக்கியத்துக்கும் கலைகளுக்கும் தாராளமாகப் பொருளுதவி செய்பவர் என்று பொருள். நாம் 'அவன் ஒரு கர்ணன்' என்று சொல்வதைப் போல. ஆனால் கர்ணனைப் பற்றி ஏதும் அறியாமல் அந்த வாக்கியத்தைச் சொல்லும் தமிழர் அநேகமாக இல்லை. மைசீனஸ் என்ற சொல்லைப் பயன்படுத்துகிற, அல்லது அதைப் படித்துக் கடந்துபோகிற ஆங்கில வாசகர்களில் பெரும்பாலோர், அந்தப் பெயருக்கு உரியவர் அடிப்படையில் ஓர் அரசியல்வாதி என்பதையும், ஒரு பேரரசு எழும்பியபோது அதன் திரைமறைவு வேலைகளைக் கவனித்துக்கொண்டவர் என்பதையும் அறிந்திருப்பார்களா என்பது சந்தேகமே. சொல்லின் அகராதிப் பொருள் அந்தப் பகுதியை நீக்கிவிட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் உச்சரிப்பு. லத்தீனில் 'மைகேனாஸ்'. ஆங்கிலேயர் வாயில் 'மைசீனஸ்' என்றும் 'மிசீனஸ்' என்றும் ஆயிற்று. நம் பேச்சு ஆங்கிலச் சொல்லைப் பற்றியது என்பதால் இங்கே மைசீனஸ் என்றே எழுதுகிறேன். லத்தீன் வடிவத்தில் ஈற்றிலுள்ள 'ஆஸ்' என்னும் விகுதி பொதுவாக ஊர்வழிப் பெயர்களில் வருவது. ஆர்ப்பினம் என்ற ஊர்க்காரர் ஆர்ப்பினாஸ். ஆகவே இந்தக் குடும்பப் பெயருக்குள்ளும் ஏதோ ஒரு பழைய ஊர் ஒளிந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. மைசீனஸின் பூர்வீகம் எட்ருஸ்கன் நகரமான அர்ரேட்டியம், இன்றைய அரெட்ஸோ. ரோமர்களுக்கு முன்பே இத்தாலியில் நகரங்கள் கட்டி வாழ்ந்த எட்ருஸ்கன் பிரபுக் குலத்தின் வாரிசு அவர். ஹொரேஸ் தன் 'ஓடுகள்' தொகுப்பின் முதல் கவிதையிலேயே அவரை அரச வம்சத்தவர் என்று விளிக்கிறார்.

அத்தகைய வம்சாவளி இருந்தும் மைசீனஸ் ரோமில் செனட் உறுப்பினராகவில்லை. செனட்டர்களுக்கு அடுத்த படிநிலையான குதிரைவீரர் வகுப்பிலேயே கடைசிவரை இருந்துவிட்டார். பதவி எதுவும் ஏற்காத ஒருவர் கையில் எவ்வளவு அதிகாரம் சேரலாம் என்பதற்கு அவர் நல்ல உதாரணம். கி.மு. 40இல் ஆக்டேவியனும் (பின்னாளில் அகஸ்டஸ்) மார்க் ஆண்டனியும் புருண்டிசியத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பின்னால் அவர் இருந்தார். ஆக்டேவியன் போர்களுக்காக ரோமை விட்டுச் சென்ற காலங்களில் நகரத்தை அவரே நிர்வகித்தார். கி.மு. 30 வாக்கில் லெப்பிடஸின் மகன் ஆக்டேவியனைக் கொல்லச் சதி செய்தபோது, வெளியே எந்தச் சலனமும் காட்டாமல் ஒற்றறிந்து, காத்திருந்து, நசுக்கியவர் அவர்தான். நெருக்கடியில் தூக்கத்தையே மறப்பவர், ஓய்வில் பெண்களை விஞ்சும் சொகுசுக்காரர் என்று வெல்லேயஸ் என்ற வரலாற்றாசிரியர் அவரைச் சித்திரிக்கிறார்.

இந்த மனிதர்தான் வர்ஜிலுக்கும் ஹொரேஸுக்கும் புரொபெர்ஷியஸுக்கும் புரவலர்.

அந்தக் கொடையின் பின்னணியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கி.மு. 42இல் பிலிப்பைப் போரில் புரூட்டஸும் கேசியஸும் வீழ்ந்தபின், வென்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டிருந்தது. அதற்காக இத்தாலியின் பதினெட்டு நகரங்கள் குறிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று வெனூசியா, ஹொரேஸின் ஊர். ஹொரேஸ் அந்தப் போரில் தோற்ற பக்கத்தில், புரூட்டஸின் படையில் இருந்தவர். ஊர் திரும்பியபோது தந்தையின் வீடும் நிலமும் இல்லை. வறுமைதான் தன்னைக் கவிதை எழுதத் துணியவைத்தது என்று பிற்காலத்தில் ஒரு நிருபக் கவிதையில் கசப்பும் கேலியுமாகச் சொல்லிக்கொள்கிறார். அரசுக் கருவூலத்தில் எழுத்தர் வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். அவருடைய தந்தை விடுதலை பெற்ற முன்னாள் அடிமை. ரோமில் இது எளிதில் மறக்கப்படும் செய்தியல்ல.

வர்ஜிலும் வேரியஸும் அவரை மைசீனஸிடம் அழைத்துச் சென்றார்கள். முதல் சந்திப்பை ஹொரேஸே எழுதியிருக்கிறார். கூச்சத்தில் நாக்குழற ஏதோ சில வார்த்தைகள் பேசினார். தன் பிறப்பை மறைக்கவில்லை. மைசீனஸும் வழக்கம்போலச் சுருக்கமாகப் பதில் சொன்னார். பிறகு ஒன்பது மாதங்கள் எந்தத் தகவலும் இல்லை. ஒன்பதாம் மாதம் அழைப்பு வந்தது, நண்பர் வட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். (இன்று பத்திரிகைக்குக் கவிதை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இந்த ஒன்பது மாதக் கணக்கு ஓர் ஆறுதலாக இருக்கக்கூடும்.)

பின்னர் ஹொரேஸுக்கு ரோமுக்கு வடகிழக்கே சபைன் மலைப்பகுதியில் ஒரு பண்ணை கிடைத்தது. எட்டு அடிமைகள், ஐந்து குத்தகைக் குடும்பங்கள், ஒரு நீரூற்று, கொஞ்சம் காடு. மைசீனஸின் கொடை என்பது மரபு. ஐரோப்பிய இலக்கியத்தில் கிராம வாழ்வின் அமைதியைப் பாடிய எத்தனையோ கவிதைகளுக்கு அந்தப் பண்ணைதான் மூலம். ஆனால் கணக்கை நேராகப் போட்டுப் பார்த்தால், ஒரு ஆட்சி கவிஞனின் தகப்பன் நிலத்தைப் பறித்தது. அதே ஆட்சியின் கை இன்னொரு நிலத்தைப் பரிசாகக் கொடுத்தது. ஆங்கிலச் சொல்லில் இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது.

இதனால் மைசீனஸை வெறும் சூழ்ச்சிக்காரர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஹொரேஸின் நிருபங்கள் முதல் நூலின் ஏழாம் கவிதை என்னைப் பொறுத்தவரை இந்த உறவின் மையச் சாட்சியம். ஐந்து நாளில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லி நாட்டுப்புறம் போன ஹொரேஸ் ஆகஸ்ட் மாதம் முழுவதும் வரவில்லை. புரவலர் வருந்தியிருக்கிறார். அதற்குப் பதிலாக எழுதப்பட்ட கவிதையில் கதைமேல் கதையாக அடுக்குகிறார் கவிஞர். விருந்தாளிக்குப் பேரிக்காய்களை வற்புறுத்திக் கொடுத்து, நீ எடுக்காவிட்டால் பன்றிகள்தான் தின்னப்போகின்றன என்று சொல்லும் கலாப்ரியாக்காரன் கதை ஒன்று; அது வேறு யாரோ, நீங்கள் அப்படிக் கொடுத்தவரல்லர் என்று பொருள். தானியக் கூடைக்குள் மெலிந்து நுழைந்து தின்று கொழுத்து வெளியேற முடியாமல் தவிக்கும் நரியின் கதை இன்னொன்று. (நரி எங்கே தானியம் தின்னும் என்று கேட்டார் ரிச்சர்ட் பெண்ட்லி. 1711இல் வெளியிட்ட தன் பதிப்பில் அதை வயல் எலியாகவே திருத்திவிட்டார். உரையாசிரியர்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.) கடைசியில், கூவி ஏலம் விட்டுப் பிழைத்து மகிழ்ச்சியாக இருந்த ஓர் எளியவன், ஒரு பெரிய மனிதரின் தயவில் நிலம் வாங்கி, ஆடு திருடுபோய், விளைச்சல் பொய்த்து, நள்ளிரவில் குதிரையேறி வந்து என்னைப் பழைய வாழ்க்கைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சும் கதை. நடுவே ஹொரேஸ் சொல்லிவிடுகிறார்: தேவையென்றால் கொடுத்ததையெல்லாம் திருப்பித் தந்துவிடத் தயார்.

இதை ஒரு கவிஞர் தன் புரவலருக்கு எழுதினார். புரவலர் பொறுத்துக்கொண்டார், உறவு முறியவில்லை. மைசீனஸின் பெருமை பண்ணையைக் கொடுத்ததில் அல்ல, இந்தக் கவிதையைப் படித்துவிட்டும் நண்பராக நீடித்ததில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அகஸ்டஸே ஒருமுறை ஹொரேஸைத் தன் அந்தரங்கச் செயலராக்கிக்கொள்ள விரும்பி மைசீனஸுக்கு எழுதினார். ஹொரேஸ் மறுத்துவிட்டார். பேரரசர் கோபிக்கவில்லை என்று சூட்டோனியஸ் பதிவு செய்கிறார்.

கி.மு. 22இல் அகஸ்டஸுக்கு எதிரான ஒரு சதி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சிக்கிய முரேனா, மைசீனஸின் மனைவி டெரென்ஷியாவுக்குச் சகோதரர் முறை. ரகசியத்தை மைசீனஸ் மனைவியிடம் சொல்லிவிட்டார் என்று அகஸ்டஸுக்கு மனக்குறை. செல்வாக்கு மங்கியதற்கு இதுவே காரணம் என்று ஒரு சாரார் கூறுவர். கி.மு. 8இல் அவர் இறந்தபோது தன் சொத்துகளை அகஸ்டஸுக்கே எழுதிவைத்தார். ஹொரேஸை என்னைப் போலவே கருதிக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று உயிலில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் ஹொரேஸும் இறந்தார். புரவலரின் சமாதிக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மைசீனஸும் எழுதினார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவருடைய எழுத்தில் சில துணுக்குகளே எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவற்றைக் காப்பாற்றியவர் செனெக்கா, அதுவும் திட்டுவதற்காக. இடுப்புக்கச்சை கட்டாமல் தளர்ந்த அங்கியோடு நகரில் உலவியவரின் நடை எப்படி இறுக்கமாக இருக்கும் என்று ஒரு கடிதத்தில் அவருடைய உரைநடையைக் கிழிக்கிறார். கை கால் முடமானாலும் பரவாயில்லை, உயிர் மட்டும் இருக்கட்டும் என்ற பொருளில் மைசீனஸ் எழுதிய கவிதையை இன்னொரு கடிதத்தில் எடுத்துக்காட்டி, இதைவிட இழிவான ஆசை உண்டா என்று கேட்கிறார். பிறர் கவிதைகளுக்கு வாழ்வளித்தவரின் சொந்தக் கவிதை, அதை வெறுத்த ஒருவரின் மேற்கோளில் வாழ்கிறது.

பெயர் எப்போது பொதுச்சொல்லாயிற்று? ரோமிலேயே. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மார்ஷியல், வர்ஜிலைப் போன்ற கவிஞர்கள் ஏன் இப்போது தோன்றவில்லை என்ற கேள்விக்குப் புரவலர்கள் இல்லாததே காரணம் என்று பதில் சொல்லும் ஒரு கவிதையில் இப்பெயரைப் பன்மையில் எழுதுகிறார். ஒரு தனிமனிதனின் பெயர் பன்மை ஏற்ற கணத்தில் அது சொல்லாகிவிடுகிறது. கவனிக்க வேண்டியது, அது சொல்லாகப் பிறந்ததே ஒரு புகாருக்குள்தான். இருக்கும் புரவலரைப் புகழ்வதற்காக அல்ல, இல்லாதவரைக் குறித்து ஏங்குவதற்காக.

ஆங்கிலத்திலும் அப்படியே. எட்மண்ட் ஸ்பென்சர் 1579இல் வெளியிட்ட 'மேய்ப்பனின் நாட்காட்டி'யில் அக்டோபர் மாதக் கவிதை, பாட்டுக்கு மதிப்பில்லாத காலத்தைப் பற்றி இரு மேய்ப்பர்கள் பேசுவது. அதில் ஒருவன் மைசீனஸ் மண்ணுக்குள் போய்விட்டானே என்று புலம்புகிறான். பதினொரு ஆண்டுகள் கழித்து 1590இல் 'தேவதை அரசி' வெளிவந்தபோது அதனுடன் பல பிரபுக்களுக்கு அர்ப்பணிப்புச் சானெட்டுகளை இணைத்தார் ஸ்பென்சர். அவற்றுள் ஒன்றில் சர் ஃபிரான்சிஸ் வால்சிங்ஹாமைத் தம் காலத்து மைசீனஸாக ஏற்றிப் போற்றுகிறார். வால்சிங்ஹாம் யார்? எலிசபெத் அரசியின் செயலர். இங்கிலாந்தின் ஒற்றர் வலையை இயக்கியவர். ஸ்காட்லாந்து அரசி மேரியின் கடிதங்களை இடைமறித்து அவளைக் கொலைக்களத்துக்கு அனுப்பியவர். ஸ்பென்சர் மனத்தில் வர்ஜில் மட்டுமே இருந்திருக்கலாம். ஆனாலும் லெப்பிடஸின் மகனை நினைவில் வைத்துப் பார்த்தால், ஆங்கிலத்தில் இந்தப் பெயர் இவ்வளவு பொருத்தமாக வேறு யாருக்கும் சூட்டப்பட்டதில்லை என்றே சொல்வேன்.

நாடக மேடையிலும் அவர் உண்டு. பென் ஜான்சனின் 'போயெட்டாஸ்டர்' 1601இல் அரங்கேறியது. அகஸ்டஸின் அவையும் அதில் மைசீனஸும் கவிஞர்கள் கூடி வாழும் ஒரு லட்சிய உலகமாக வருகின்றன. ஹொரேஸ் வேடத்தில் ஜான்சன் தன்னையே நுழைத்துக்கொண்டார். ஷேக்ஸ்பியரோ 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில் மைசீனஸைச் சீசரின் ஆட்களில் ஒருவராக மட்டும் காட்டுகிறார். சில வரிகள் பேசிவிட்டுப் போகும் அரசியல் உதவியாளர். கவிதை, கொடை என்ற பேச்சே இல்லை. இரண்டில் ஷேக்ஸ்பியரின் உருவமே வரலாற்றுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புரவலரின் இடம் ஆட்டம் காணத் தொடங்குகிறது. அலெக்சாண்டர் போப் ஹோமரின் 'இலியட்'டை மொழிபெயர்த்தபோது (1715-1720) ஒரு பிரபுவை நம்பியிருக்கவில்லை. ஆறு தொகுதிகளுக்கு ஆறு கினி என்று முன்பணம் கட்டிய சந்தாதாரர்களைச் சேர்த்தார். ஒரு மைசீனஸுக்குப் பதிலாகச் சில நூறு சிறு மைசீனஸ்கள். கத்தோலிக்கராக இருந்ததால் அரசுப் பதவிகள் மூடப்பட்டிருந்த போப், அந்தப் பணத்தில் சுதந்திரமாக வாழ்ந்தார்.

சாமுவேல் ஜான்சனின் அனுபவம் வேறு. தன் அகராதியின் திட்டத்தை 1747இல் செஸ்டர்ஃபீல்டு பிரபுவை விளித்து எழுதினார். கிடைத்தது பத்து பவுண்டு, பிறகு மௌனம். ஏழு ஆண்டுகள் கழித்து அகராதி முடியும் தறுவாயில் பிரபு ஒரு பத்திரிகையில் அதைப் புகழ்ந்து எழுதினார். 1755 பிப்ரவரி 7ஆம் தேதி ஜான்சன் அவருக்கு எழுதிய கடிதம் புரவலர் முறைக்கு எழுதப்பட்ட இரங்கற்பா என்று கருதப்படுகிறது. தண்ணீரில் மூழ்கித் தத்தளிப்பவனை அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரை சேர்ந்ததும் உதவியைச் சுமத்துபவர்தானா புரவலர் என்று கேட்டார். அகராதியிலும் அந்தச் சொல்லுக்கு, திமிரோடு ஆதரித்து முகத்துதியைக் கூலியாகப் பெறும் இழிபிறவி என்ற பொருள்பட விளக்கம் சேர்த்தார். (1762இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் அளித்தபோது ஜான்சன் ஏற்றுக்கொண்டார். 'ஓய்வூதியம்' என்ற சொல்லுக்கும் தன் அகராதியில் காட்டமான விளக்கம் எழுதியிருந்தவர் அவர். கவிஞர்களும் அகராதிக்காரர்களும் சாப்பிட வேண்டியிருக்கிறது.)

ஐரோப்பாவின் மற்ற மொழிகளில் இச்சொல் முழுமையாகக் குடியேறியது. ஜெர்மனில் மெட்சேன், பிரெஞ்சில் மெசேன், இத்தாலியனில் மெச்செனாட்டே, ருஷ்யனில் மெத்செனாத். பிரான்ஸில் அது சட்டச்சொல்லாகவே இருக்கிறது: கலைக்கும் பொதுநலனுக்கும் பணம் தரும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை தரும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் 'மெசேனா' என்ற சொல்லால் அறியப்படுகிறது. மிகவும் விநோதமான பயணம் போலிஷ் மொழியில். அங்கே 'மெட்செனாஸ்' என்பது வழக்கறிஞர்களை மரியாதையாக விளிக்கும் சொல்லும் ஆகும். வார்சாவில் நீதிமன்ற வாசலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எட்டுப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் எவரும் கவிஞருக்குப் பண்ணை கொடுத்திருக்கமாட்டார். ஆங்கிலம் மட்டும் அதை இன்னும் ஒருவரின் பெயராகவே எழுதிக்கொண்டிருக்கிறது, சற்றுப் புத்தக வாடையுடன்.

அந்தப் பெயரை ஆங்கிலத்தில் மிகுந்த கனத்தோடு எழுதியவர் என்று நான் நினைப்பது ஸ்பென்சரையோ ஜான்சனையோ அல்ல. 1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக இறக்கப்பட்ட ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை. அவளைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் 'ஃபில்லிஸ்'. அதுவே அவள் பெயராயிற்று. வாங்கியவர் பெயர் வீட்லி. அது குடும்பப் பெயராயிற்று. அவளுடைய சொந்தப் பெயர் எங்கும் பதிவாகவில்லை. ஆங்கிலமும் கொஞ்சம் லத்தீனும் கற்று, போப்பின் ஹோமரைப் படித்து, பதின்பருவத்திலேயே கவிதை எழுதினார் ஃபில்லிஸ் வீட்லி. பாஸ்டனில் 1772இல் சந்தா சேர்த்துப் புத்தகம் போட முயன்றார்கள், நடக்கவில்லை. ஒரு கறுப்பின அடிமைப்பெண் இவற்றை எழுதினாள் என்பதை நம்ப ஆளில்லை. ஆளுநர் ஹட்சின்சன், ஜான் ஹான்காக் உள்ளிட்ட பதினெட்டு பாஸ்டன் பிரமுகர்கள், இவை இவள் எழுதியவைதாம் என்று சான்றளித்துக் கையெழுத்திட்டார்கள். 1773இல் புத்தகம் லண்டனில் வெளியானது. அந்தச் சான்றிதழும் உள்ளே அச்சாகியிருக்கிறது. நூல் ஹண்டிங்டன் சீமாட்டிக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அந்த ஆண்டுக் கோடையில் லண்டன் போயிருந்தும் வீட்லி அவரைச் சந்திக்க முடியவில்லை. டார்ட்மத் பிரபு ஐந்து கினி கொடுத்து, போப்பின் நூல்கள் முழுவதையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

புத்தகத்தின் முதல் கவிதையின் தலைப்பு 'மைசீனஸுக்கு'. அந்த மைசீனஸ் யார் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பாஸ்டன் கனவான் ஒருவரைச் சிலர் சொல்வர், அப்படி எவருமே இல்லை என்பர் வேறு சிலர். கவிதையில் ஹோமர் வருகிறார், வர்ஜில் வருகிறார், தன்னால் அவர்களை எட்ட முடியாத குறை வருகிறது. பிறகு ரோமானிய நாடகாசிரியர் டெரென்ஸ். கலைத் தெய்வங்கள் ஆப்பிரிக்க இனத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் ஏன் அருளின என்று கேட்கிறார் வீட்லி. டெரென்ஸ் பிறப்பால் ஆப்பிரிக்கர் என்று பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பும் இருக்கிறது. டெரென்ஸின் முழுப்பெயர் பப்ளியஸ் டெரென்ஷியஸ் ஆஃபெர். 'ஆஃபெர்' என்றால் ஆப்பிரிக்கர். மற்றப் பகுதி அவரை அடிமையாக வைத்திருந்து விடுதலை செய்த செனட்டரின் குலப்பெயர். (மைசீனஸின் மனைவி டெரென்ஷியாவின் குலப்பெயரும் அதுவே. தற்செயல்தான்.) எசமானரின் பெயரைச் சுமந்த ஒரு கவிஞர், எசமானரின் பெயரைச் சுமந்த இன்னொரு கவிஞரைச் சாட்சிக்கு அழைக்கிறார். அடிமையின் மகனான ஹொரேஸ் மைசீனஸ் முன்னால் நாக்குழற நின்றதை நினைத்துக்கொண்டு இக்கவிதையைப் படித்தால், அந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் வேறு எங்கும் இல்லாத ஓர் ஆழம் இங்கே கூடிவிடுவதை உணரலாம். ஹொரேஸிடம் பிறப்பைப் பற்றிக் கேட்டார்கள். வீட்லியிடம், இதை நீதான் எழுதினாயா என்று கேட்டார்கள்.

புத்தகம் வெளிவந்த ஆண்டின் இறுதிக்குள் வீட்லி விடுதலை பெற்றார். 1778இல் ஜான் பீட்டர்ஸ் என்ற சுதந்திரக் கறுப்பரை மணந்தார். அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, 1779இல், இரண்டாவது தொகுப்புக்கு பாஸ்டன் பத்திரிகைகளில் சந்தா அறிவிப்பு கொடுத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள், சில கடிதங்கள், பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குச் சமர்ப்பணம் என்று விவரம் இருந்தது. போதிய சந்தாதாரர் சேரவில்லை. 1784 டிசம்பர் 5ஆம் தேதி வறுமையில் இறந்தார்; வயது முப்பது அல்லது முப்பத்தொன்று. இரண்டாம் தொகுப்பின் கையெழுத்துப் படி கிடைக்கவில்லை. முதல் தொகுப்பின் அமெரிக்கப் பதிப்பு 1786இல் பிலடெல்ஃபியாவில் வந்தது. அதிலும் முதல் கவிதை 'மைசீனஸுக்கு'தான்.